எலும்பின் உறுதியும் ஊரின் குடிநீரும்

அறுபது வயதைக் கடந்த ஒருவர் களத்திலோ, கிணற்றடியிலோ, வீட்டு முற்றத்திலோ கால் இடறி விழும்போது, விழும் உடலைத் தாங்குவதற்குக் கை தானாகவே முன் நீளுகிறது. உடலின் பாரம் அனைத்தும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்குகிறது. இளமையில் இத்தகைய வீழ்ச்சி ஒரு சிராய்ப்போடு போய்விடும். முதுமையிலோ, முன்கையில் கட்டைவிரற் பக்கமாக உள்ள எலும்பு மணிக்கட்டை ஒட்டி முறிந்து, கையின் மேற்புறம் மேடு தட்டி வளைந்து நிற்கும். இம்முறிவை 1814 ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் என்பார் விளக்கி எழுதினார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னர், கையால் தொட்டுப் பார்த்தே அவர் அறிந்த முறிவு இது. இன்றளவும் மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே வழங்கி வருகிறது.

முறிவு என்பது மருத்துவர் பார்க்க வேண்டிய பொருள் ஆயிற்றே, ஊராட்சி உறுப்பினருக்கும் உழவருக்கும் இதில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வயதானால் எலும்பு தேய்வது இயற்கை, விழுவது விதி என்று கூறி அமைதியடைவதும் நம் கிராமங்களில் வழக்கமே. ஆனால் தருமபுரி மாவட்டத்தில் வாழும் நாம் அவ்வாறு கூறி விட்டுவிட இயலாது. இங்கே எலும்பின் தன்மையை வயது மட்டும் முடிவு செய்வதில்லை. குடத்தில் நிறையும் நீரும் முடிவு செய்கிறது. அந்த நீரை எந்தக் குழாயில் எப்போது விடுவது என்பதை முடிவு செய்வது ஊராட்சி. ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாகவே ஆராய்தல் நம் கடமையாகிறது.

எலும்பு எதனால் ஆனது?

எலும்பைக் கல்லைப் போன்ற ஒரே பொருள் என்று நினைப்பது தவறு. வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் போடும்போது கம்பியும் ஜல்லிக் கலவையும் சேர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். கலவை பாரத்தைத் தாங்குகிறது; கம்பி வளைவைத் தாங்குகிறது. எலும்பிலும் இவ்விரண்டு உண்டு. கொல்லாஜன் என்னும் புரதநார் கம்பியின் இடத்தில் இருக்கிறது. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த தாது உப்புக் கலவையின் இடத்தில் இருக்கிறது.

பள்ளி ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எளிதில் காட்டலாம். கோழிக் கால் எலும்பு ஒன்றை வினிகரில் சில நாட்கள் ஊறவைத்தால், தாது உப்புக் கரைந்துபோய், எலும்பு ரப்பரைப் போல் வளையும். இன்னோர் எலும்பை நெருப்பில் நன்கு சுட்டெடுத்தால், நார் எரிந்துபோய், வடிவம் மாறாமல் நிற்கும். விரலால் அழுத்தினால் பொடியாகும். முதலாவதில் கெட்டித்தன்மை இல்லை. இரண்டாவதில் கெட்டித்தன்மை உண்டு, உறுதி இல்லை. இவ்விரண்டாவது எலும்பை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

எலும்பு கட்டி முடித்த கட்டடமும் அன்று. உடல் பழைய எலும்பை அரித்தெடுத்து அவ்விடத்தில் புதிய எலும்பை ஓயாமல் இட்டு வருகிறது. ஏறத்தாழ முப்பது வயது வரை வரவு மிகுதி. பின்னர் வரவும் செலவும் ஒத்து நிற்கும். முதுமையில் செலவு மிகுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் சில ஆண்டுகளில் இச்செலவு மிக விரைவானது. எலும்பைக் காத்து வந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்துபோவதே காரணம். மணிக்கட்டு முறிந்து வரும் முதியோரில் பெண்களே மிகுதியாயிருப்பதன் காரணமும் இதுவே.

மணிக்கட்டு முதலில் முறிவதற்குக் காரணம் அதன் அமைப்பு. முன்கை எலும்பின் நடுப்பகுதி மூங்கிலைப் போல் கெட்டியான சுவருடைய குழல். மணிக்கட்டை நெருங்க நெருங்கச் சுவர் மெலிந்து, உள்ளே தேன்கூட்டைப் போன்ற மெல்லிய வலைப்பின்னல் நிறைகிறது. வயதில் முதலில் அறுந்துபோவன இவ்வலையின் இழைகளே. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே ஒருவரின் மணிக்கட்டு முறிந்தது என்றால், அவருடைய மற்ற எலும்புகளும் மெலிந்திருக்கக் கூடும் என்று பொருள். அத்தகையோர்க்குப் பிற்காலத்தில் இடுப்பு எலும்போ முதுகெலும்போ முறியும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு எனக் கணக்கிட்டுள்ளனர். கை கூடிவிட்டது, கட்டை அவிழ்த்துவிட்டோம் என்று காரியத்தை முடித்துவிடுதல் ஆகாது.

நெல்லூர் எருதுகள் காட்டிய வழி

இனி நீரைப் பற்றிப் பார்ப்போம். இந்தியாவில் புளோரைடு நோயைப் பற்றிய முதல் ஆராய்ச்சிக் குறிப்பு 1937 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் முதுகும் கழுத்தும் விறைத்துப்போன மக்களை டாக்டர் ஷார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து எழுதினர். ஆனால் அறிஞர்களுக்கு முன்னதாகவே இதனைக் கண்டவர்கள் உழவர்கள். ஏர் பூட்டிய எருதுகள் நடக்கமாட்டாமல் கால் விறைத்து நிற்பதை அவர்கள் கவனித்திருந்தனர். மாட்டுக்கு வந்ததும் மனிதனுக்கு வந்ததும் ஒரே கிணற்றிலிருந்து வந்த ஒரே நோய் என்பது பின்னரே தெளிவாயிற்று. மாட்டின் நடையைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் உழவரிடத்தில் இன்றும் இருக்கிறது. அதனை ஊர் நலத்திற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது எம் கருத்து.

நீரில் கரைந்த புளோரைடு குடலால் ஈர்க்கப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. எஞ்சியது பெரும்பாலும் எலும்பிலும், வளரும் பிள்ளைகளின் பல்லிலும் தங்குகிறது. எலும்பின் தாது உப்பில் உள்ள ஓர் உறுப்பை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தில் புளோரைடு அமர்ந்துகொள்கிறது. அஃதன்றியும், புதிய எலும்பை மிகுதியாக உண்டாக்கும்படி எலும்புச் செல்களைத் தூண்டுகிறது. அவ்வாறு விளையும் எலும்பு ஒழுங்கற்ற அடுக்கு உடையது. தசைநார்களிலும் சவ்வுகளிலும் சுண்ணாம்பு படிந்து அவை கல்லாகின்றன. நோய் முற்றியவரின் முன்கையை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால், இரண்டு எலும்புகளுக்கும் இடையே உள்ள சவ்வு, முள் முளைத்தாற்போல் வெள்ளையாகத் தெரியும். படம் பார்க்கும் மருத்துவர்கள் இந்நோயை உறுதி செய்வதற்குத் தேடும் முக்கிய அடையாளம் அதுவே. மணிக்கட்டு முறிவுக்காக எடுக்கும் படமும் அதே முன்கையின் படம்தான். முறிந்த இடத்தைப் பார்ப்பவர் சற்று மேலேயும் பார்த்தால், அந்த ஊர் நீரின் வரலாற்றையே அங்கே படிக்கலாம்.

அடர்த்தி வேறு, உறுதி வேறு

சுட்ட எலும்பை நினைவுபடுத்திக்கொள்ளுமாறு முன்னர்க் கூறினோம் அல்லவா? புளோரைடு ஏறிய எலும்பும் ஏறத்தாழ அத்தகையதே. படத்தில் வெண்மையாய், கனமாய், திடமாய்த் தோன்றும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவியும் நல்ல எண்ணையே காட்டக்கூடும். ஆயினும் விழுந்தால் முறியும்.

இதனை ஐயமற உணர்த்திய சோதனை ஒன்று அமெரிக்க நாட்டில் மேயோ மருத்துவ நிலையத்தில் நடைபெற்று 1990 இல் வெளியிடப்பட்டது. புளோரைடு எலும்பை அடர்த்தியாக்குகிறது என்பதைக் கண்ட மருத்துவர்கள், எலும்பு மெலிந்த முதிய பெண்களுக்கு அதனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று எண்ணினர். எண்ணம் நியாயமானதாகவே தோன்றியது. மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த பெண்கள் 202 பேர் சோதனைக்கு முன்வந்தனர். ஒரு சாராருக்கு நாள்தோறும் 75 மில்லிகிராம் சோடியம் புளோரைடு தரப்பட்டது; மறு சாராருக்கு வெற்று மாத்திரை தரப்பட்டது. கால்சியம் இரு சாராருக்கும் உண்டு. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மருந்துண்டவர்களின் இடுப்புப் பகுதி முதுகெலும்பு 35 விழுக்காடும், தொடை எலும்பின் கழுத்து 12 விழுக்காடும் அடர்த்தி கூடியிருந்தன. முன்கை எலும்பின் தண்டுப் பகுதியிலோ 4 விழுக்காடு குறைந்திருந்தது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கை, கால் முதலான மற்ற எலும்புகளில் முழு முறிவும் விரிசலுமாக மருந்துண்டவரிடத்தில் 72 நேர்ந்தன. வெற்று மாத்திரை உண்டவரிடத்தில் 24 மட்டுமே. எலும்பு பெருத்தது, முறிவும் பெருகிற்று.

சீன நாட்டில் ஆறு பகுதிகளில் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 8,266 பேரை ஆராய்ந்து 2001 இல் வெளியிட்ட அறிக்கையும் இதற்கு ஒத்தே இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் புளோரைடு உள்ள ஊரில் முறிவுகள் மிகக் குறைவு. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஊரில் மொத்த முறிவும் இடுப்பு முறிவும் கூடுதல். ஆகவே புளோரைடு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அஞ்ச வேண்டுவதில்லை. அளவே கேள்வி.

அளவு என்றவுடன் நம் உழவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மேற்கண்ட 75 மில்லிகிராம் மருந்தில் புளோரைடின் பங்கு ஏறத்தாழ 34 மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைக் கோடையில் வயலில் நின்று வேலை செய்பவர் நாளொன்றுக்கு 5 லிட்டர் குடித்தால், 15 மில்லிகிராம் உள்ளே போகிறது. களி கிண்டவும் சோறு வடிக்கவும் ஊற்றிய நீர் இதில் சேரவில்லை. அமெரிக்கப் பெண்கள் மருத்துவர் கண்காணிப்பில் நான்கு ஆண்டுகள் உண்ட அளவில் ஏறத்தாழப் பாதியை, நம் ஊர்க் கூலியாள் ஒருவர் கண்காணிப்பு எதுவுமின்றி நாற்பது ஆண்டுகள் உட்கொள்ளக் கூடும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு நீர் கிடைக்காதவிடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்த 1.5 என்பதை நல்ல நீருக்குரிய எல்லையாகப் பலர் கொண்டுவிடுகின்றனர். நிழலில் அமர்ந்து இரண்டு லிட்டர் நீர் குடிப்பவருக்கும், வெயிலில் நின்று ஐந்து லிட்டர் குடிப்பவருக்கும் ஒரே எல்லை பொருந்துவது எங்ஙனம்? உழைப்பாளிகள் வாழும் ஊரில் 1 என்பதையே குறியாகக் கொள்ளுதல் நலம்.

நம் மாவட்டத்து நீர்

தருமபுரியின் நிலத்தடி பெரும்பாலும் கடினப் பாறை. சார்னோகைட், நைஸ் முதலிய இப்பாறைகளில் புளோரைடைத் தன்னகத்தே கொண்ட தாதுக்கள் கலந்திருக்கின்றன. மழை குறைந்த மாவட்டமாதலின், பாறை இடுக்கில் இறங்கிய நீர் நெடுங்காலம் அங்கேயே தங்கி அவற்றைக் கரைக்கிறது. திறந்த கிணறுகள் வற்றியபின் நாம் நூற்றுக்கணக்கான அடி ஆழத்திற்குத் துளையிட்டு எடுத்தது இந்தப் பழைய நீரைத்தான்.

புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உப்புத் தண்ணீர் கெட்டது, சப்பென்று இருக்கும் தண்ணீர் நல்லது என்று நாக்கால் தீர்ப்புக் கூறுவது இங்கே உதவாது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீரில் புளோரைடு மிகுந்திருப்பது பல இடங்களிலும் கண்ட உண்மை. காய்ச்சிக் குடித்தால் போதும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. காய்ச்சினால் நோய்க்கிருமி சாகும், புளோரைடு சாகாது. நீர் ஆவியாகிப் போக, எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

இந்நிலையை மாற்றும் பொருட்டே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டமும் ஒன்றாக உருப்பெற்றன. ஜப்பானியப் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியுடன், 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013 மே மாதத்தில் இத்திட்டம் தொடங்கிவைக்கப்பெற்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் அன்றைய 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 18 ஒன்றியங்கள் ஆகியவற்றின் குடியிருப்புகளுக்குக் காவிரி நீர் தருவதே நோக்கம். குடிநீர்த் திட்டம் ஒன்றின் பெயரிலேயே ஒரு நோயின் பெயரும் இடம் பெற்றது என்றால், இங்கே அந்நோய் எத்துணை வேரூன்றியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

காவிரி நீர் வந்த பின்னும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இதுவே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி. பல ஊர்களில் காவிரி நீர் ஏறும் அதே மேல்நிலைத் தொட்டியில், வரத்துக் குறைந்த நாளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரையும் போட்டு நீரை ஏற்றுகின்றனர். தொட்டி இயக்குபவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. குழாயில் நீர் வரவில்லையென்றால் காலையில் அவர் வீட்டு வாசலில்தான் கூட்டம் நிற்கிறது. ஆனால் கலப்பின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஆற்று நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமும் ஆழ்துளை நீரில் 3 மில்லிகிராமும் புளோரைடு இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் சரிபாதியாகக் கலந்தால் 1.75 ஆகிறது, பொறுத்துக்கொள்ளும் எல்லையையும் கடந்துவிடுகிறது. மூன்று பங்கு ஆற்று நீரும் ஒரு பங்கு ஆழ்துளை நீரும் கலந்தால்கூட 1.1க்கு மேல் நிற்கிறது. குழாயில் வருவது காவிரிதான் என்று நம்பிக் குடிக்கும் பாட்டிக்கு இந்தக் கலப்பு தெரிய வழியில்லை.

கலவாமல் காப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆழ்துளை நீருக்குத் தனியாக ஒரு சிறு மின்விசைத் தொட்டி அமைத்து, துவைக்கவும் பாத்திரம் கழுவவும் அதனைப் பயன்படுத்தலாம். தனித் தொட்டிக்கு வழியில்லாத ஊரில் நேரத்தைப் பிரிக்கலாம். காலையில் காவிரி நீர் மட்டும்; அது குடிப்பதற்கும் சமைப்பதற்கும். தொட்டி காலியான பின்னர் ஆழ்துளை நீர். அது ஏனைய புழக்கத்திற்கு. எந்த நேரத்தில் எந்த நீர் என்பதை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் வீட்டார் குடத்தைப் பிரித்து வைத்துக்கொள்வர். ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டியது நாளைக்குப் பத்து லிட்டருக்குள் அடங்கும். எல்லா நீரும் காவிரியாய் இருக்க வேண்டுவதில்லை. அந்தப் பத்து லிட்டர் காவிரியாய் இருந்தால் போதும். புளோரைடு மிகுந்த கைபம்புகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசிவிடுதலும் நன்று. மாட்டுத் தொட்டிக்கு எந்த நீர் செல்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. நெல்லூர் எருதுகளின் கதையை மேலே கூறினோம்.

நீரைச் சோதிப்பதற்கு ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ்க் கள நீர்ப் பரிசோதனைப் பெட்டிகள் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டு, மகளிர்க்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. மருந்தை ஊற்றி நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை. தொட்டியில் மட்டும் நீரெடுத்துச் சோதித்தல் போதாது. கடைக்கோடித் தெருவின் குழாயிலும், ஆழ்துளைக் கிணற்றிலும், கோடையிலும் மழைக்குப் பின்னும் எடுத்தல் வேண்டும். பெட்டி காட்டும் நிறத்தில் ஐயமிருப்பின் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்கு மாதிரி அனுப்பலாம். 2022 இல் நம் மாநில அரசு கிராம சபைக் கூட்டங்களை ஆண்டுக்கு ஆறாக உயர்த்தியபோது, மார்ச் 22 ஆம் நாளாகிய உலகத் தண்ணீர் நாளையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. நீர்ச் சோதனை முடிவைக் குழாய் வாரியாக எண்ணோடு படித்துக் காட்டுவதற்கு அதைக் காட்டிலும் பொருத்தமான கூட்டம் வேறில்லை. “நீர் நன்றாக உள்ளது” என்ற ஒற்றை வரியைப் பதிவேட்டில் எழுதி முடித்துவிடும் வழக்கத்தை உறுப்பினர்கள் ஏற்காதிருத்தல் வேண்டும்.

இன்னொரு பரிசோதனைக்கூடம் நம் தொடக்கப் பள்ளியில் இருக்கிறது. நிலைத்த முன்பற்கள் குழந்தைப் பருவத்தில் ஈறுக்குள்ளேயே உருவாகின்றன. அக்காலத்தில் புளோரைடு மிகுந்த நீர் குடித்த பிள்ளைக்கு, முளைத்து வரும் பல்லில் சுண்ணாம்பு வெண்மையோ மஞ்சளோ பழுப்புக் கோடோ குறுக்காக அமைந்திருக்கும். தேய்த்தால் போகாது. காவிரி நீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் பல்லில் இக்கறை காணப்படுமாயின், ஊராட்சி தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

உணவும் மாத்திரையும்

கால்சியம் குறைந்த உடலில் புளோரைடின் தீங்கு மிகுகிறது. உண்ட கால்சியம் குடலிலேயே புளோரைடின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு வெளியேற்றுகிறது. இவ்வகையில் நம் மாவட்டத்திற்கு இயற்கை தந்த கொடை ராகி. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. வேறு தானியம் எதுவும் அதனருகில் வராது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராமும் ஏனைய பெரியவர்களுக்கு 1,000 மில்லிகிராமும் கால்சியம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் பரிந்துரைத்தது. ராகியோடு பாலோ மோரோ கீரையோ சேர்ந்தால் இதனை எட்டுவது அரிதன்று. பாலைச் சொசைட்டிக்கு முழுதும் ஊற்றிவிட்டு வீட்டு முதியவளுக்குக் கடுங்காப்பி கொடுக்கும் வழக்கம் நமக்கு உடன்பாடானதன்று. கடுந்தேநீரும் நல்லதன்று; தேயிலையிலேயே புளோரைடு உண்டு.

இங்கே ஒரு சுவையான செய்தி. ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் சிறுவர்களுக்கு நாள்தோறும் புளி கொடுத்துச் சோதித்தபோது, சிறுநீரில் வெளியேறும் புளோரைடின் அளவு கூடியதைக் கண்டனர். புளிக்குப் பெயர் பெற்ற நம் மாவட்டத்தார் இதைக் கேட்டு மகிழலாம். ஆனால் புளிக்குழம்பு உண்பதால் கெட்ட நீர் நல்ல நீராகிவிடாது.

மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் சீட்டு எதுவுமின்றிக் கடையில் வாங்கும் பொட்டல மாத்திரைகள் பற்றி ஓர் எச்சரிக்கை. சில நாளில் வலி மாயமாய் மறைகிறது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். மாதக்கணக்கில் உட்கொண்டால் அதுவே எலும்பை அரிக்கும். புளோரைடால் வந்த வலிக்கு ஸ்டீராய்டை உண்பது கறையான் பிடித்த கம்பத்தை மேலும் ஒருபுறம் செதுக்குவது போலாகும்.

விறைப்பைக் கண்டறிதல்

மைய அரசின் தேசியப் புளோரோசிஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டம் 2008-09 இல் தொடங்கியது. தருமபுரியும் அதில் சேர்க்கப்பெற்ற மாவட்டமே. சுகாதாரப் பணியாளர்கள் செய்யும் மூன்று எளிய சோதனைகளை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையிலுள்ள நாணயத்தை எடுத்தல்; தலையைத் தாழ்த்தி முகவாயால் மார்பைத் தொடுதல்; இரு கைகளையும் உயர்த்திப் பிடரியில் கோத்தல். இவை இயலாதவர் அனைவருக்கும் இந்நோய் என்பதில்லை. ஆயினும் புளோரைடு மிகுந்த ஊரில் இவை இயலாதவர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுதல் வேண்டும். கல்லாய்ப்போன நார் மீண்டும் இளகுவதில்லை. நீரை மாற்றினால் எலும்பிலுள்ள புளோரைடு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். நோய் மேலும் ஏறாது.

முதுகு விறைத்தவர் இடறினால் சமாளித்து நிற்க மாட்டார். முறியும் எலும்பும் விழும் உடலும் ஒருவரிடத்தில் சேர்ந்துவிடுவதே இந்நோயின் பெருங்கேடு. ஆகவே ஊராட்சி தெரு விளக்கைப் பழுது பார்ப்பதும், பொதுக் குழாயடியில் பாசி படிந்த கல்லைத் தேய்த்துக் கழுவுவதும், பொதுக் கழிப்பிடத்தில் பிடித்து எழுவதற்கு ஒரு குழாயைச் சுவரில் பதிப்பதும், நியாய விலைக் கடை வாசலில் படி உயரத்தைக் குறைப்பதும் எலும்பு மருத்துவமே ஆகும். கண்புரை உள்ளவர்களை முகாமுக்கு அனுப்புவதையும் இதில் சேர்க்க.

கை முறிந்தால்

விழுந்த கையை இழுத்துப் பார்த்தலும் நீவிவிடுதலும் கூடா. பலகைத் துண்டையோ மடித்த செய்தித்தாளையோ முன்கைக்கு அடியில் கொடுத்துத் துணியால் தளரக் கட்டி, தூளியில் தொங்கவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றிவிடுதல் முக்கியம். வீக்கம் ஏறியபின் கழலா. நம் பகுதியில் ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டுக்கு மக்களிடையே பெருநம்பிக்கை உண்டு. ஊர்தோறும் நாட்டு வைத்தியரும் உளர். யாவர் கட்டினும் முதலில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நன்று. முறிவு மூட்டுக்குள் சென்றிருந்தால் வெறுங்கட்டு நேராக்காது. கட்டிய பின்னர் விரல்கள் நீலம் பூத்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி எடுத்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் கட்டைத் தளர்த்தி அன்றிரவே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் கையையே இழக்க நேரிடும். மாவுக்கட்டு பெரும்பாலும் ஆறு வாரம் இருக்கும். அந்த ஆறு வாரமும் விரல்களையும் முழங்கையையும் தோளையும் அசைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இல்லையேல் எலும்பு கூடியும் கை கூடாது.

கடைசியாக ஒன்று. கூட்ட நெரிசலில் மருத்துவர் கேட்காமற் போனாலும், நோயாளியோடு செல்பவர் மூன்று செய்திகளைத் தாமே சொல்லிவிட வேண்டும். எந்த ஊரில் எத்தனை ஆண்டுகளாய்க் குடியிருக்கிறார், காவிரிக் குழாய் வருமுன் எந்தக் கிணற்று நீரைக் குடித்தார், வலிக்கு என்ன மாத்திரை உண்டு வந்தார் என்பவை அவை. அந்தக் கிணற்றின் சோதனை எண் ஊராட்சி அலுவலகப் பதிவேட்டில் இருக்குமாயின், அதனை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தனுப்பும்படி ஊராட்சிச் செயலரைக் கேட்டுக்கொள்ளலாம்.